பசியும் பந்தியும்

(மாரிகுப்பத்தில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நமது சங்கம் ஒரு பொதுச் சமையற்கூடம் தொடங்க வேண்டும் என்ற தீர்மானத்தை ஆதரித்துப் பேச வந்திருக்கிறேன். "நாம் உரிமை கேட்கிற சங்கமா, சோறு போடுகிற சத்திரமா?" என்று எனக்கு முன் பேசிய தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு நான் வைக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

1924 மார்ச் 30இல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரலில் தந்தை பெரியார் ஈரோட்டிலிருந்து போய்ச் சேர்ந்தார். அந்த நாட்களில்தான் பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் வந்தார்கள். மலையாளம் தெரியாது, தமிழும் தெரியாது. கொடி பிடிக்கவில்லை, அடுப்பு மூட்டினார்கள். கோயில் தெருவில் கால் வைக்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவருக்கும் மற்றவருக்கும் ஒரே பந்தி. காந்தியார் இதை எதிர்த்தார். இது இந்துக்களின் விவகாரம், வெளியார் சமையற்கூடம் வேண்டாம் என்றார். சில வாரங்களில் அடுப்பு அணைந்தது. போராட்டமோ அடுத்த ஆண்டு நவம்பர் வரை நீண்டது. காந்தியார் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த அடுப்பை அணைத்தது சரியென்று என் மனம் ஒப்பவில்லை. ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்பதைவிடப் பெரிய தீண்டாமை எதிர்ப்பு எது?

சீக்கியர்கள் இதை லங்கர் என்கிறார்கள். குரு நானக் காலத்திலிருந்து நடக்கிறது. தம்மைக் காண வருகிறவர் யாராயினும் முதலில் பந்தியில் தரையில் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று மூன்றாம் குரு அமர்தாஸ் விதித்தார். எந்த மதத்தவரும் தயக்கமின்றிச் சாப்பிடத்தான் சைவச் சாப்பாடு. ரொட்டி வட்டிப்பவரும் பாத்திரம் துலக்குபவரும் சம்பளக்காரர்கள் அல்லர். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு பொதுவுக்கு என்பது அவர்கள் வழக்கம். 2020 நவம்பரிலிருந்து ஓராண்டுக்கு மேல் டில்லி எல்லையில் விவசாயிகள் நின்றார்களே, சிங்குவிலும் டிக்ரியிலும் அவர்களை நிற்க வைத்தவற்றில் இந்த அடுப்பும் ஒன்று. நம் பக்கம் மட்டும் இல்லையா? வள்ளலார் 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். நம் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிறார்கள். லைன் வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள்? நுரையீரலில் சுரங்கத் தூசியோடு இருமும் கிழவர், சிலிகோசிஸுக்குப் புருஷனைப் பறிகொடுத்த விதவை, பள்ளி விட்டு வரும் குழந்தை. ரேஷன் அரிசி இருக்கிறது. பருப்பும் எண்ணெயும் கேஸும் இல்லை. வடித்துப் போட ஆளில்லை. 2020இல் ஊரடங்கு வந்து ரயிலும் நின்றபோது அந்த அரிசியை வெறும் கஞ்சியாகக் குடித்த வீடுகள் எனக்குத் தெரியும்.

அப்போது ஒரு பெரிய மனிதர் - பெயர் வேண்டாம் - எங்கள் லைனுக்கு ஐந்து கிலோ பை கொண்டுவந்தார். ஒரு பாட்டியை நிறுத்தி மூன்று முறை படம் எடுத்தார்கள். மூன்றாவது முறை அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோழர் பயப்படுகிற சத்திரம் அதுதான். அது எனக்கும் வேண்டாம்.

ஆகவே தீர்மானத்தில் மூன்று திருத்தம் கேட்கிறேன். படம் எடுக்கக் கூடாது. சாப்பிட வருகிறவரிடம் கார்டு கேட்கக் கூடாது; சங்க உறுப்பினரா என்றும் கேட்கக் கூடாது. செயற்குழுவினர் ஆளுக்கொரு நாள் பாத்திரம் துலக்க வேண்டும், தலைவர் உட்பட. (சிரிப்பு) யார் சமைத்தது என்று சாதி விசாரிப்பவர் இந்த ஊரிலும் உண்டு. அவருக்கும் அதே பந்தியில் இடம் உண்டு, தனி இலை மட்டும் கிடையாது.

பணத்துக்கு எங்கே போவது என்கிறீர்கள். பத்தில் ஒரு பங்கு நம்மால் ஆகாது. வீட்டுக்கொரு பிடி அரிசி ஆகும். அது நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம். வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம், ஐம்பது பேருக்கு என்று ஆரம்பிப்போம். செலவுப் பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பருப்புக் கணக்கில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. தாய்மார்கள் பார்த்து, குறைவாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.