ஹான்லே வரை போகத்தான் வேண்டுமா?

லீவைச் சேர்த்து வைத்து ஒரு தடவையாவது லடாக் போய்விட வேண்டும் என்ற ஆசை இன்று வேலைக்குப் போகும் பல இளைஞர்களிடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்களும் இதற்கு விலக்கல்ல. ஆசையில் நியாயம் இருக்கிறது. லடாக்கின் லே நகரிலிருந்து, இருண்ட வானுக்குப் பேர்போன ஹான்லே கிராமம் சுமார் 250 கிலோமீட்டர். பாதையின் பெரும்பகுதி சிந்து நதியை ஒட்டியே போகிறது. இருபுறமும் புல்கூட இல்லாத மலைகள் காவி, சாம்பல், ஊதா என்று நிறம் மாறிக்கொண்டே வரும். மழை பெயருக்குத்தான், அது குளிர்ப் பாலைவனம். பகல் முழுக்க இந்தக் காட்சி. இருட்டியதும் பால்வீதி வானத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை கிடக்கும். இதைப் பார்க்கத்தான் அத்தனை செலவும், மூச்சுத் திணறலும், அனுமதிச் சீட்டும்.

அந்த வானம் அப்படி இருப்பதற்குப் பாலைவனம் பாதிக் காரணம்தான். சுமார் 4,500 மீட்டர் உயரம், ஈரமில்லாத காற்று இரண்டும் இயற்கை கொடுத்தவை. அதனால்தான் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன் இரண்டு மீட்டர் தொலைநோக்கியை அங்கே நிறுவியது. மீதிப் பாதி மனிதர்கள் போட்ட கட்டுப்பாடு. 2022-இல் ஹான்லே சுற்றுவட்டாரம் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வீடுகளில் சன்னலுக்குத் திரை, விளக்குக்கு மூடி. இரவில் வரும் வண்டிகள் ஹைபீம் போடக்கூடாது. ஊர்க்காரர்கள் சிலருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டுவது அவர்களுக்கு வருமானம். உயரத்தையும் வறட்சியையும் நாம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. கட்டுப்பாட்டைக் கொண்டுவரலாம் என்பதே என் வாதம்.

கொண்டுவந்து என்ன பயன், இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஹான்லேயில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. ஹான்லே ஏறக்குறைய 33 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஒரகடம் 13 பாகைக்குச் சற்றுக் கீழே. இந்த இருபது பாகை வித்தியாசத்தில் தென் வானத்தின் ஒரு பெரும் துண்டு நமக்கு மட்டும் தெரிகிறது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத் தொகுதியான ஆல்ஃபா சென்டாரி ஹான்லேயில் உதிப்பதே இல்லை. தென்சிலுவையும் அங்கே அடிவானத்துக்குக் கீழேதான். அகத்தியர் நட்சத்திரம் என்று நாம் சொல்லும் கனோபஸ், வானத்தில் பிரகாசத்தில் இரண்டாவது, அங்கே மலை விளிம்பைத் தாண்டினால் அதிர்ஷ்டம். இங்கே தாராளமாக மேலே ஏறிவிடும். ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து 1960-களின் இறுதியில் ஆய்வகம் அமைத்ததற்கு, வட வானத்தோடு தென் வானத்தையும் எட்டிப் பிடிக்கும் இந்த அட்சமும் ஒரு காரணம். 1977-இல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதைக் காட்டிய நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

காற்றில் ஈரம், வாகனப் புழுதி, வடகிழக்கே சென்னையின் ஒளிமூட்டம், இவற்றை வைத்துக்கொண்டு எந்த நட்சத்திரம் தெரியும் என்பது அடுத்த கேள்வி. பால்வீதி ஹான்லேயில் தெரிவதுபோல இங்கே தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னவை பிரகாசமானவை. அவை இருப்பதோ தெற்கே, பாலாற்றையும் உத்திரமேரூர் ஏரிகளையும் நோக்கிய திசையில். சென்னை அந்தப் பக்கம் இல்லை. அவற்றை மறைப்பவை பெரும்பாலும் நம் கண்முன்னே இருக்கும் விளக்குகள். காம்பவுண்டுச் சுவரில் மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய ஃபோகஸ் லைட், தான் காக்க வேண்டிய கேட்டை விட்டுவிட்டு எதிர்ப்புறப் பனைமரத்துக்கு வெளிச்சம் காட்டும். நீலம் கலந்த வெள்ளை எல்இடி காற்றில் அதிகமாகச் சிதறும். மஞ்சள் சாயல் உள்ளது குறைவாகச் சிதறும். 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறுங்கண்ணால் எடுத்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இரவு வானம் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் வெளுத்துவருவதாக 2023-இல் கணக்கிட்டார்கள். 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தைக்கு 18 வயதில் 100தான் மிஞ்சும். பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து வந்தவை. நம் பக்கம் வேகம் குறைவு என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

கனமான ஆட்சேபம் பெண்களின் பாதுகாப்பு. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்ணிடம் நட்சத்திரத்துக்காக விளக்கைக் குறை என்று சொல்வது அநியாயம். யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. கூசும் விளக்கு கண்ணின் பாவையைச் சுருக்கிவிடும். அதற்கு இரண்டடி தள்ளி நிற்கும் ஆள் நிழலோடு நிழலாகிவிடுவான். மேலே மூடி போட்டு, கீழே மட்டும் பாயும் விளக்கைச் சீரான இடைவெளியில் வைத்தால் நடக்கும் பாதையில் முகம் தெரியும், இருட்டு மூலை இருக்காது. இப்போது மேலே வீணாகும் வெளிச்சமும் தரைக்கே வந்துவிடும் என்பதால் வாட்டைக் குறைக்கலாம், மின்கட்டணமும் குறையும். பஸ் நிறுத்தத்துக்கும் விடுதிக்கும் நடுவே உள்ள இருண்ட சந்துக்கு விளக்கு போடுங்கள் என்று நானும்தான் கேட்கிறேன். விளம்பரப் பலகையின் வெளிச்சத்தை யாருடைய பாதுகாப்பிலும் சேர்க்க முடியாது.

இதெல்லாம் பணக்கார நாட்டுப் பேச்சு என்பார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் வானை நோக்கி அடிக்கும் விளம்பர விளக்குகளைத் தடை செய்தது 1958-இல். ஆனால் நம்மூரிலும் முன்மாதிரி உண்டு: ஆமைக்குஞ்சுகள் வழிதவறாமல் கடலுக்குப் போக, பருவகாலத்தில் சென்னைக் கடற்கரையில் உயர்கோபுர விளக்குகளை அணைக்கும் வழக்கம் இருக்கிறது. ஆமைக்கு முடிந்தது மனிதனுக்கு முடியாதா?

மே மாத நடுவில், மேகமில்லாத இரவு ஒன்பது மணிக்கு, தெற்கே திரும்பி நில்லுங்கள். கையை முழுவதும் நீட்டி, இரண்டு முஷ்டிகளை அடிவானத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், தென்சிலுவையின் உச்சி அந்த உயரத்தில் இருக்கும். அதற்கு இடப்புறம் தாழ இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். அவை தெரியாமல் ஏதாவது விளக்கு மறைத்தால், அது யாருடைய விளக்கு என்று பார்த்து, மூடி போடச் சொல்லி அந்த நிறுவனத்துக்கோ ஊராட்சிக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள்.