முறுக்கா, அதிரசமா? கோலமாவில் ஒரு கணக்கு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



தீபாவளிக்குப் பலகாரம் போட்டு விற்கிற குழுக்கள் இங்கே நிறைய வந்திருக்கீங்க. ராத்திரி பகலா அடுப்படியில் நிற்கிறோம். சரக்கும் வித்துப் போகுது. ஆனால் கடைசியில் பணத்தைப் பிரிக்கும்போது, "இவ்வளவு பாடுபட்டும் இவ்வளவுதானா?" என்று முகம் வாடிப் போகுது. உழைப்பு குறையவில்லை. என்ன பலகாரம், எத்தனை கிலோ என்று முடிவு செய்கிற இடத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

இதில் என் தப்பும் இருக்கு. "கிலோவுக்கு எதில் லாபம் அதிகமோ, அதையே செய்யுங்கக்கா" என்று நானே பல குழுக்களில் சொல்லியிருக்கிறேன். அது எப்படித் தப்பு என்று இன்றைக்குப் பார்ப்போம்.

ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக நான் வைக்கிற எண்கள் இவை. உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும். 10 பேர், ஆளுக்கு தினம் 4 மணி நேரம், 5 நாள் வேலை. மொத்தம் 200 மணி நேரம். கையில் இருக்கிற பணம் 20,000 ரூபாய்.

முறுக்கு ஒரு கிலோவுக்கு மாவு, எண்ணெய், கேஸ், பாக்கெட் எல்லாம் சேர்த்து 160 ரூபாய் செலவு. ஒரு மணி நேர வேலை. மிச்சம் 60 ரூபாய்.

அதிரசம் ஒரு கிலோவுக்கு 120 ரூபாய் செலவு. ஆனால் அரிசி ஊறவைத்து, இடித்து, சலித்து, பாகு பதம் பார்த்து, தட்டிப் பொரித்து எடுக்க 2 மணி நேரம் ஆகும். மிச்சம் 90 ரூபாய். இந்த மிச்சத்தில்தான் நம் கூலியும் அடக்கம்.

எதைச் செய்யலாம் என்று கேட்டால் "அதிரசம்" என்று பாதிப் பேர் சொல்வீங்க. செய்து பார்ப்போம். 200 மணி நேரத்தில் 100 கிலோ அதிரசம்தான் முடியும். மிச்சம் 9,000 ரூபாய். ஆனால் செலவு 12,000 தான். மீதி 8,000 ரூபாய் பெட்டியில் சும்மா கிடக்கு.

சரி, முறுக்கே சுடுவோம். 20,000 ரூபாய்க்கு 125 கிலோ. மிச்சம் 7,500 ரூபாய். இங்கே பணம் தீர்ந்து போச்சு, 75 மணி நேரம் சும்மா போகுது.

ஏன் இப்படி? அதிரசம் போடுகிற ஒரு ரூபாய்க்கு 75 பைசா தருது, முறுக்கு 37 பைசாதான். ஆனால் ஒரு மணி நேர உழைப்புக்கு முறுக்கு 60 ரூபாய் தருது, அதிரசம் 45 ரூபாய்தான். பணத்துக்கு நல்லது ஒன்று, நேரத்துக்கு நல்லது இன்னொன்று. நமக்கோ இரண்டிலும் தட்டுப்பாடு.

இப்போது எல்லோரும் எழுந்து இந்தத் தரையைச் சுற்றி நில்லுங்க. கோலமாவு எடுத்து வந்திருக்கேன். குறுக்கே ஒரு கோடு, அது முறுக்கு. அதன் முனையிலிருந்து நேர் மேலே ஒரு கோடு, அது அதிரசம். ஒரு சாண் என்றால் 20 கிலோ.

முதலில் நேரம். முழுக்க முறுக்கு என்றால் 200 கிலோ. குறுக்கே 10 சாணில் புள்ளி. முழுக்க அதிரசம் என்றால் 100 கிலோ. மேலே 5 சாணில் புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு போடுங்க. அடுத்தது பணம். முழுக்க முறுக்கு 125 கிலோ. குறுக்கே ஆறேகால் சாண். முழுக்க அதிரசம் 166 கிலோ. மேலே எட்டு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். இதையும் சேருங்க.

இரண்டு கோட்டுக்கும் உள்ளே இருக்கிற இடம்தான் நம் வயல். கோடுகள் வரப்பு. வரப்பைத் தாண்ட முடியாது. தாண்டினால் நேரமோ பணமோ பத்தாது. வயலுக்கு நடுவில் நின்றால் இன்னும் செய்ய இடம் இருக்கு என்று அர்த்தம், அதனால் வரப்பு வரை போகலாம். வரப்பில் ஏறினால், எந்தப் பக்கம் நடந்தால் மிச்சம் கூடுதோ அந்தப் பக்கமே நடக்கலாம். எங்கே போய் நிற்போம்? மூலையில். அதனால் வயல் முழுக்கத் தேட வேண்டாம். மூலைகளை மட்டும் பார்த்தால் போதும்.

இந்த வயலுக்கு நாலு மூலை. ஒன்று ஆரம்பப் புள்ளி, அங்கே ஒன்றும் இல்லை. ஒன்று 7,500 ரூபாய். ஒன்று 9,000 ரூபாய். நாலாவது, இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் மூலை. சாண் வைத்து அளந்து பாருங்க. குறுக்கே 4 சாண், மேலே 3 சாண். அதாவது முறுக்கு 80 கிலோ, அதிரசம் 60 கிலோ. நேரம் 80-ம் 120-ம் சேர்ந்து 200. பணம் 12,800-ம் 7,200-ம் சேர்ந்து 20,000. இரண்டும் சரியாகத் தீர்ந்தது. மிச்சம் 4,800-ம் 5,400-ம் சேர்ந்து 10,200 ரூபாய்!

அதே அடுப்பு, அதே கைகள், அதே பணம். அதிரசம் மட்டும் போட்டதைவிட 1,200 ரூபாய் கூடுதல்.

இதற்குப் பெயர் 'லீனியர் புரோகிராமிங்'. தமிழில் நேரியல் திட்டமிடல் என்பார்கள். 1939-ல் ரஷ்யாவில் கன்டரோவிச் என்ற கணித மேதை, ஒரு பிளைவுட் ஆலையின் இயந்திரங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதில் இருந்து இதைத் தொடங்கினார். 1975-ல் பொருளாதார நோபல் பரிசு அவருக்கும் கூப்மான்ஸ் என்பவருக்கும் கிடைத்தது. 1947-ல் அமெரிக்காவில் டான்சிக் என்பவர், எத்தனை பொருள் இருந்தாலும் மூலை மூலையாகப் போய் விடை காணும் வழியைச் சொன்னார். அப்போது 77 உணவுப் பொருட்களில் எதை எவ்வளவு வாங்கினால் குறைந்த செலவில் சத்து கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 9 எழுத்தர்கள் கையால் இயக்கும் கருவிகளோடு உட்கார்ந்து செய்த அந்த வேலை, ஓர் ஆள் செய்தால் 120 நாள் ஆகும். இன்றைக்குக் கணினி நொடியில் சொல்லிவிடும். மாடு வைத்திருக்கிற அக்காக்களுக்கும் இது சொந்தம்தான். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் சரிவிகிதத் தீவனத் திட்டத்தில், உள்ளூரில் கிடைக்கிற தீவனங்களை எந்த அளவில் கலந்தால் செலவு குறையும் என்று கணக்கிடுவதும் இந்த முறையில்தான்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கடன்.

வங்கியில் 30,000 ரூபாய் தருகிறோம் என்கிறார்கள். கொடுப்பதை எல்லாம் வாங்கலாமா? நம் கணக்கில் 1,000 ரூபாய் கூடுதலாகப் போட்டால் முறுக்கு 90 கிலோ, அதிரசம் 55 கிலோ ஆகும். மிச்சம் 10,350. அதாவது ஆயிரத்துக்கு 150 ரூபாய் கூடுது. வட்டி போகவும் நிற்கும், வாங்கலாம். ஆனால் எதுவரை? 12,000 வரைதான். அதற்குள் 200 மணி நேரமும் முறுக்குக்கே போய்விடும். அதற்கு மேல் செய்ய நமக்குக் கை இல்லை. மீதி 18,000 ரூபாய் பெட்டியில் தூங்கும். வட்டி தூங்காது அக்கா! அதைக் கட்டப்போவது நாம்தான்.

அதேபோல் கூலிக்கு ஆள் வைப்பது. 10,200 ரூபாயை 200 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 51 ரூபாய் வருது. அதனால் மணிக்கு 40 ரூபாய் கொடுத்து ஆள் வைத்தால் 11 ரூபாய் லாபம் என்று தோன்றும். பாருங்க, 10 மணி நேரம் கூட்டினால் முறுக்கு 74, அதிரசம் 68 கிலோ. மிச்சம் 10,560. கூடுவது 360, கூலி 400. கைக்காசுதான் போகும். கூடுதல் நேரம் வந்தாலும் பணம் அதே 20,000 தானே.

மூன்றாவது வரப்பும் உண்டு, அது சந்தை. அதிரசத்துக்கு 50 கிலோதான் ஆர்டர் என்றால், மீதிப் பணத்துக்கு முறுக்கு 87 கிலோ. மிச்சம் 9,720 ரூபாய். 13 மணி நேரம் மீந்துபோகும். அப்போது ஆள் தேடக் கூடாது, ஆர்டர் தேட வேண்டும். இன்னும் 10 கிலோ அதிரசத்துக்கு ஆர்டர் பிடித்தால் 480 ரூபாய் கூடும்.

இன்னொன்று. நிறைய குழுக்களின் கணக்கில் எண்ணெய் இருக்கு, வெல்லம் இருக்கு, பஸ் கட்டணம்கூட இருக்கு. நம்ம உழைப்பு நேரம் மட்டும் இல்லை. "வீட்டு வேலை மாதிரிதானே" என்று நாமே எழுதாமல் விடுகிறோம். எழுதாததை வைத்துத் திட்டம் போட முடியாது. இந்தக் கணக்கில் பாதி நம் நேரம்தான்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் மூன்று விஷயம் எழுதி வாங்க. ஒன்று, ஒவ்வொரு பொருளுக்கும் கிலோவுக்கு எவ்வளவு பணம், எத்தனை மணி நேரம், எவ்வளவு மிச்சம். இரண்டு, நம்மிடம் மொத்தம் எவ்வளவு பணம், எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆர்டர். மூன்று, இதில் எது முதலில் தீர்ந்து போகுது. எழுதத் தெரியாதவங்க சொல்லுங்க, பக்கத்தில் இருக்கிற தங்கச்சி எழுதட்டும். கோலமாவு நான் கொண்டு வர்றேன்.

கடன் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், தரையில் ஒரு தடவை கோடு போட்டுப் பாருங்க.