குறி தப்பாத ஆயுதம்



பத்திரிகைகளில் "குரூஸ் ஏவுகணை" என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. அது என்ன என்று நாமும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

கொல்லையில் குருவி ஓட்டக் கவண் வீசுகிறோம். கல் மேலே எழும்பி, வளைந்து விழுகிறது. ராக்கெட் ஏவுகணைகளில் பல அந்த வகை. குரூஸ் ஏவுகணை வேறு. அது ஆளில்லாத சின்ன ஆகாய விமானம். இறக்கை உண்டு, எஞ்சின் உண்டு, வயிற்றில் வெடிமருந்து உண்டு. போகும், திரும்பி வராது.

இதன் பாட்டன் ஹிட்லரின் வி-1. 1944 ஜூன் 13-ல் லண்டனில் முதலில் விழுந்தது. நார்ட்ஹவுசன் அருகே மலையைக் குடைந்த ஆலையில், முகாம் கைதிகளைப் பட்டினி போட்டு இதையும் செய்ய வைத்தார்கள் நாஜிகள். யுத்தக் கதை எழுதுகிறவர்கள் அந்தக் கைகளைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை.

வி-1 ஊரைப் பார்த்து எறிந்த கல். இன்றைய அமெரிக்க டொமஹாக் வீட்டைத் தேடிப் போகும். 1991 வளைகுடா யுத்தத்தில்தான் அது முதலில் களம் கண்டது. கப்பலிலிருந்து ஏவினால் மணிக்குச் சுமார் 880 கிலோமீட்டர் வேகத்தில், 1,600 கிலோமீட்டர் வரை போகும். தலையில் 450 கிலோ எடையுள்ள வெடிகுண்டு. மேடு பள்ளத்தை அனுசரித்துத் தாழப் பறப்பதால் தூரத்து ரேடார் கண்ணில் படாது. வழியில் தரையின் உயரத்தை அளந்து, தன்னிடமுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும். இப்போது செயற்கைக்கோள்களும் வழி சொல்கின்றன.

ஆகவே "குறி தப்பாது" என்று பெருமை பேசுகிறார்கள். இருக்கட்டும். குறியைக் குறித்துக் கொடுப்பது யார்? ஏவுகணை அதைக் கேட்பதில்லை.

1998 ஆகஸ்ட் 7-ல் நைரோபி, தார் எஸ் சலாம் நகரங்களில் அமெரிக்கத் தூதரகங்களில் குண்டு வெடித்து 224 பேர் மாண்டார்கள். அந்தப் பாதகத்தை நியாயப்படுத்த யாராலும் முடியாது. ஆனால் ஆகஸ்ட் 20-ல் அமெரிக்கக் கப்பல்களின் ஏவுகணைகள் சூடான் தலைநகர் கார்ட்டூமில் அல்-ஷிஃபா மருந்துத் தொழிற்சாலையைத் தரைமட்டமாக்கின. குறி துளியும் தப்பவில்லை. அங்கே விஷவாயுச் சரக்கு தயாராகிறது என்றார்கள். ஆதாரமாகக் காட்டியது தொழிற்சாலை அருகே எடுத்த கொஞ்சம் மண். அதை நிரூபிக்கும் சான்று இன்றுவரை உலகத்தின் முன் வைக்கப்படவில்லை.

அங்கே தயாரானவை மலேரியா மருந்தும், ஆடு மாடுகளுக்கான மருந்தும். காவலாளி ஒருவர் இறந்தார். தொழிலாளிகள் வேலை இழந்தார்கள். முதலாளியின் முடக்கிய வங்கிப் பணத்தை 1999-ல் அமெரிக்க அரசு விடுவித்தது. தொழிற்சாலைக்கு நஷ்டஈடு கொடுக்கவில்லை.