எதிர்நோக்கு என்று பெயர் பெற்ற திமிங்கிலம்



இலண்டன் மாநகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் முதன்முறை நுழைபவர்கள், ஏதோ ஒரு பேராலயத்துக்குள் வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நின்றுவிடுவார்கள். உயர்ந்த வளைவுகள், வரிசையான தூண்கள், பக்கச் சிற்றாலயங்களைப் போன்ற மாடங்கள், செடிகொடிகளின் ஓவியம் தீட்டிய கூரை! இது தற்செயலாக அமைந்ததல்ல. படைத்தவரின் கைவேலையைக் காட்டும் இடம் ஆலயம் போலவே இருக்க வேண்டும் என்று அறிவியலாளர் ரிச்சர்டு ஓவன் விரும்பினார். கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் அவ்வாறே கட்டினார். 1881-ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று அது திறக்கப்பட்டது. அந்நாள், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாளாகிய திங்கட்கிழமை.

சுவரெங்கும் சுடுமண் சிற்பங்கள். மேற்குப் பகுதியில் இன்றும் வாழும் உயிரினங்கள். கிழக்குப் பகுதியில் அழிந்துபோனவை. அழிந்தவற்றுள் பல, மனிதர் தோன்றும் முன்னரே மறைந்தவை. ஆனால் மனிதர் கையால் மறைந்தவையும் உலகில் உண்டு. டோடோ பறவையை நினைத்துப் பாருங்கள். 1598-இல் டச்சு மாலுமிகள் மொரீசியஸ் தீவில் இறங்கினார்கள். நூறு ஆண்டுகள் முடிவதற்குள் அந்தப் பறவை இனமே இல்லாமல் போயிற்று. இன்று நமக்கு எஞ்சியிருப்பவை சில எலும்புகளும் மாதிரி உருவங்களும்தான்.

அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில், தலைக்கு மேலே, 25 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. வாயை அகலத் திறந்து, கடலுக்குள் பாய்வதுபோல் அதை அமைத்திருக்கிறார்கள். 1891-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு கரையோரம் ஒதுங்கிய திமிங்கிலம் அது. 2017-இல் அதை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்கள்: 'ஹோப்'. நம் மொழியில், எதிர்நோக்கு.

உயிரற்ற எலும்புகளுக்கு ஏன் இந்தப் பெயர்? இருபதாம் நூற்றாண்டில் வெடிக்கும் ஈட்டிகளோடும் விரைவான கப்பல்களோடும் மனிதர் கடலில் இறங்கினார்கள். எண்ணெய்க்காக நீலத் திமிங்கிலங்களை ஆயிரம் ஆயிரமாய்க் கொன்று, அழிவின் விளிம்புவரை தள்ளினார்கள். பிறகு 1966-இல், இனி நீலத் திமிங்கிலத்தை வேட்டையாடக்கூடாது என்று பன்னாட்டுத் திமிங்கில ஆணையத்தில் நாடுகள் முடிவெடுத்தன. ஆபத்து இன்னும் முழுமையாக நீங்கவில்லை. ஆனாலும் அவற்றின் எண்ணிக்கை மெல்ல மெல்ல ஏறிவருகிறது.

அன்பார்ந்தவர்களே, எல்லாம் நல்லபடி நடக்கும் என்று கைகட்டிக் காத்திருப்பது கிறிஸ்தவ எதிர்நோக்கு அல்ல. ஓங்கிய கையைக் கீழே இறக்கும் துணிவு அது. திமிங்கிலத்துக்கு உயிர் கொடுக்க மனிதரால் முடியாது. உயிர் கொடுப்பவர் இறைவன் ஒருவரே. மனிதர் செய்தது ஒன்றுதான்: கொல்வதை நிறுத்தினார்கள். மற்றதைப் படைப்பின் ஆண்டவர் பார்த்துக்கொண்டார். பாவத்தை விட்டுத் திரும்புகிறவரிடமும் அவர் இப்படித்தானே செயலாற்றுகிறார்!

பெரும் கடல் உயிர்களைக் கடவுள் படைத்து, அவை நல்லவை என்று கண்டதாகத் தொடக்கநூலின் முதல் அதிகாரம் சொல்கிறது. அழிவுக்கு அடிமைப்பட்ட படைப்பும் விடுதலையை எதிர்நோக்கிக் காத்திருக்கிறது என்று உரோமையருக்கு எழுதுகிறார் திருத்தூதர் பவுல். அது யாருக்காகக் காத்திருக்கிறது? கடவுளின் மக்கள் வெளிப்படுவதற்காக, அதாவது, நமக்காக.

இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியை ஆண்டவர் திருமுன் வைப்போம். என் கையால் எது அழிந்துகொண்டிருக்கிறது? வீணாகும் தண்ணீரா, வெட்டப்படும் மரமா, என் கடுஞ்சொல்லால் வாடும் ஓர் உள்ளமா? அதை நிறுத்துவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. டோடோவுக்குக் காலம் கடந்துவிட்டது; திமிங்கிலத்துக்குக் கடக்கவில்லை.

படைப்பின் ஆண்டவரே, எங்கள் கைகளை அடக்கியருளும். எங்கள் இதயங்களை மாற்றியருளும். ஆமென்.