பெயர் மாறியும் பிடி தளராத கோப்பு



பின்லாந்து நாட்டில் மாணவராயிருந்த இலினசு தோர்வால்டுசு 1991-ஆம் ஆண்டில் இலினக்சு என்னும் கருநிரலை வெளியிட்டார். இன்று உலகின் மிகப்பல வழங்கிக் கணினிகள் அதன்மேல் இயங்குகின்றன. அவற்றில் ஓடும் பணிநிரல்கள் தம் செயல்களைப் பதிவுக்கோப்புகளில் ஓயாது எழுதிவரும். அக்கோப்புகள் தடையின்றி வளருமாயின் வட்டு நிரம்பும். வட்டு நிரம்பின் தரவகம் எழுத இடமின்றித் திகைக்கும். அதனை நம்பியோர் பணியெல்லாம் நின்றுபோம்.

இதனைத் தடுக்கவே ‘லாக்ரொட்டேட்’ என்னும் சுழற்சிநிரல் அமைந்துள்ளது. குறித்த நாளில் அது பழைய கோப்புக்கு வேறு பெயரிட்டுப் புதியதொன்றை உருவாக்கும், பழையவற்றைச் சுருக்கும், மிகப் பழையவற்றை அழிக்கும். ஆயினும், அழித்த பின்னும் வட்டில் இடம் மீளாமையும், புதிய கோப்பு வெறுமையாய்க் கிடத்தலும் சிலவேளை நேர்கின்றன. கரணியம் யாது?

பணிநிரல் பற்றி நிற்பது கோப்பின் பெயரை அன்று. தான் திறந்த கோப்பையே ஆகும். வீட்டின் பெயர்ப்பலகையை மாற்றினால் உள்ளிருப்போர் வெளியேறுவரோ? பெயர் மாறினும் நீங்கினும் அந்நிரல் பழைய கோப்பிலேயே எழுதும். அது பிடியை விடுங்காறும் இடமும் மீளாது.

தீர்வுகள் இரண்டு. சுழற்சி முடிந்ததும் கோப்பை மூடித் திறக்குமாறு பணிநிரலுக்குக் குறிப்பு விடுத்தல் ஒன்று. அதற்குரிய கட்டளையை அமைப்புக்கோப்பின் ‘போசுட்ரொட்டேட்’ பகுதியில் எழுதவேண்டும். அவ்வாறு திறக்கவியலா நிரல்களுக்குக் ‘காப்பிட்ரங்கேட்’ முறை உண்டு. அது கோப்பைப் படியெடுத்தபின் முதற்கோப்பை வெறுமையாக்கும். அவ்விரு செயல்களுக்கும் இடைப்பட்ட நொடியில் எழுதப்பட்ட வரிகள் தொலையக்கூடும். ஆதலின் முன்னதே சிறந்தது.

சுழற்சியே நடவாதாயின், கோப்பகத்தின் இசைவுகளை நோக்குக. எவரும் எழுதுமாறு திறந்து கிடக்கும் கோப்பகத்தைச் சுழற்சிநிரல் ஏமமற்றதென ஒதுக்கிவிடும். இறுதியாகச் சுழன்ற நாளை நிலைக்கோப்பு காட்டும். ‘டி’ என்னும் குறியுடன் ஏவினால் எதனையும் மாற்றாது, செய்யவிருப்பதை மட்டும் அந்நிரல் உரைக்கும்.

வட்டு நிரம்பியதென்று கண்ட கோப்பையெல்லாம் அழித்தல் தீர்வாகாது; பிழையறிதற்குரிய சான்றே அதனால் அழியும். எந்நிரல் எக்கோப்பைப் பற்றியுள்ளது என முதலில் காண்க. நோயறியாது மருந்தூட்டல் வினையறிந்தார் செயலன்று!