அடுப்படியில் வரும் பருவங்கள்

நெல் விளையும் ஊரில் பருவத்தை வயலே அறிவித்துவிடும். நாற்று நடும் நாள் வேறு. கதிர் முற்றும் நாள் வேறு. களம் நிறையும் நாள் வேறு. தேயிலைக்கோ அறுவடைக் காலம் என்று தனியாக ஒன்றில்லை. ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒரு முறை, ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தாக வேண்டும். ஆகவே, அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் வாழும் மக்கள், மாதம் மாறியதைத் தேயிலைச் செடியைக் காட்டிலும் தங்கள் அடுப்படியிலேதான் நன்கு உணர்கின்றனர் எனலாம்.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. மலைநாட்டில் கோப்பி பயிரான காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பலர் பழம் பறிக்கும் மாதங்களில் உழைத்துவிட்டு ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் நாளடைவில் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் மலைகளெங்கும் பரவியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்தது. வந்தவர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கினர். வயலும் களமும் ஊரிலேயே நின்றுவிட்டன. உழவர் கொண்டாடிய நாட்கள் மட்டும் அவர்களோடு மலையேறி வந்தன.

தை மாதத்துக் காலைகளில், நுவரெலியாவின் பள்ளங்களில் சில நாட்கள் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். அது பட்ட கொழுந்து கருகிவிடும். வறண்ட குளிர்காற்றில் கொழுந்து மெதுவாகவே வளரும். அதனால்தான் டிம்புள்ளப் பகுதித் தேயிலைக்கு அம்மாதங்களில் தனி மணமும் நல்ல விலையும் வாய்க்கின்றன. பறிப்பவளுக்கோ கூடை நிரம்புவதில்லை. குறித்த நிறை சேராவிட்டால் ‘அரைப்பேர்’ விழும். அதாவது, அரை நாள் கூலியே கிடைக்கும். இவ்வாறு கை சுருங்கும் மாதத்தில்தான் பொங்கல் வருகிறது. வயலில்லாத வீட்டின் வாசலில், கடையில் வாங்கிய அரிசியை இட்டுப் பொங்குகின்றனர். ஆனால் மாடு வளர்க்கும் வீடுகளில், பானையில் பொங்கி வழியும் பாலாவது சொந்தப் பால்.

ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவமழை அட்டன், மஸ்கெலியா மலைகளை விடாமல் நனைக்கும். அப்போது ரொட்டிக்குப் புதுச் சுவை பிறக்கிறது. கோதுமை மாவில் துருவிய தேங்காயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கனமாகத் தட்டிச் சுட்டெடுப்பதே தோட்டத்து ரொட்டி. அவ்வளவு உயரத்தில் தென்னை பயிராவதில்லை. தேங்காய் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வரவேண்டும். விலை கூடினால் ரொட்டியில் தேங்காய்ப்பூ குறையும். சம்பலில் மிளகாய் மிகும். விடியற்காலையில், பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில், ரொட்டி பசிக்கு உணவு மட்டுமே. மாலையில், நனைந்த படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, விறகடுப்பின் முன் அமர்ந்து வெறுந்தேநீருடன் உண்ணும்போதுதான் அது இன்பமாகிறது. கீழ்ப்பகுதித் தோட்டங்களிலிருந்து பலா வந்துவிட்டால், கொட்டைகளைத் தணலில் புதைத்துச் சுடுவர். அவை வெடிக்கும் ஓசைக்காகப் பிள்ளைகள் காத்திருப்பர்.

லயத்தை ஒட்டிய சிறு நிலத்தில் போஞ்சி, கோவா, பூசணி, கீரை ஆகியவற்றைப் பயிரிடுவோர் உண்டு. முதற்பிஞ்சைப் பறிக்கும் நாள் அவ்வீட்டில் ஒரு சிறு திருநாளே. அந்நிலத்தின் அருமையைத் தோட்ட மக்கள் பெரிய விலை கொடுத்து அறிந்திருக்கின்றனர். 1973, 1974ஆம் ஆண்டுகளில், உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, இலங்கையில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தபோது, கிராமத்தில் நிலமுள்ளவர் மரவள்ளியாவது நட்டுச் சமாளித்தனர். கூலியையும் கடையையும் மட்டுமே நம்பியிருந்த தோட்டங்களில் பட்டினி புகுந்தது, உயிர்களும் மாண்டன.

ஐப்பசியில் தீபாவளி வருகிறது. அதற்கென்று தோட்டத்தில் வழங்கும் முற்பணம், பின்னர் மாதந்தோறும் சம்பளத்தில் கழிக்கப்படும். ஒரு நாள் சுட்ட பலகாரத்துக்குப் பல மாதங்கள் கொழுந்து பறித்துக் கடன் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஆயினும் முறுக்குப் பிழியாத வீட்டைக் காண்பது அரிது. பலகாரத் தட்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போகிறது. அயல் கிராமத்துச் சிங்கள நண்பர் வீட்டுக்கும் போகிறது. சித்திரைப் புத்தாண்டில் அதே தட்டு, பாற்சோறும் கொக்கிசும் ஏந்தித் திரும்பி வருகிறது.

இவை பெரும் செல்வங்கள் அல்ல. ஆனால், இவற்றைச் சிக்கனம் கருதி விட்டுவிடலாம் என்று அம்மக்கள் எண்ணியதில்லை. ஒரே பச்சை நிறமாய் ஓடும் அவர்களுடைய ஆண்டில், இந்த நாட்களே மைல்கற்கள். நாள்தோறும் முழுப்பேர் விழுந்து, லயத்தின் பின்னால் ஒரு துண்டு நிலமும் தமக்கே உரியதாய் இருக்குமானால், இப்பருவங்கள் கடனில்லாமலே அந்த அடுப்படிகளுக்கு வந்து சேரும்.