தோமையார் கட்டிய அரண்மனை
(நம் குடியிருப்பின் ஈஸ்டர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஆலயங்களில் தோமையாரைப் பற்றி வாசிப்பார்கள். ஆண்டவரின் காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். கி.பி. 72இல் மயிலாப்பூர்ப் பக்கம் உயிர்விட்டார் என்பது மரபு. பரங்கிமலையும் சாந்தோமும் நமக்குத் தெரிந்தவைதான். அதற்கு முந்தைய கதை ஒன்று 3ஆம் நூற்றாண்டுச் சிரியாக் நூலில் இருக்கிறது. வீட்டுக்கடன் கட்டும் நமக்கு ஏற்ற கதை.

குந்தபோரஸ் என்ற அரசன் அரண்மனை கட்டத் தோமையாரிடம் பணம் கொடுத்தான். (இவன் கற்பனை அல்ல, இவன் பெயர் பொறித்த நாணயங்கள் வடமேற்கில் கிடைத்திருக்கின்றன.) குளிர்காலத்தில் தொடங்கி நீசான் மாதத்தில் முடிப்பேன் என்றார். பாஸ்கா வரும் மாதம் அது. பணம் முழுவதும் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் போனது. வேலை எப்படி என்று அரசன் ஆள் அனுப்பினால், "கூரை மட்டும் பாக்கி" என்று பதில்! அவன் அதற்கும் பொன் அனுப்பினான்.

நேரில் வந்து பார்த்தால் ஒரு செங்கல்கூட இல்லை. "இப்போது உம் கண்ணுக்குத் தெரியாது" என்றார் தோமையார். அரசன் சிறையில் அடைத்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நம் பொருளாளர் இப்படிக் கணக்குச் சொன்னால் விடுவோமா?

அன்றிரவு அரசனின் தம்பி காத் இறந்தான். விண்ணுலகில் ஒரு மாளிகையைக் கண்டு, கீழ்த்தளத்தில் ஓர் அறையாவது தாருங்கள் என்று கேட்டான். அது உன் அண்ணனுடையது என்றார்கள். அதை விலைக்கு வாங்கவே உயிரோடு திரும்பி வந்தானாம்!

பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற அதே தோமையாரிடம், இப்போது அரசன் "காட்டு" என்கிறான். எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும். உயிர்த்த இயேசுவின் உடலில் ஆணிக்காயங்கள் மறையவில்லை. அவற்றைப் பார்த்தவருக்கு, காயப்பட்ட மனிதனைப் பார்த்தால் ஆண்டவர் நினைவுதானே வரும்? அரசனின் பணம் அங்கே போனதில் வியப்பில்லை. தவக்காலத்தில் நாம் உண்டியலில் சேர்க்கும் காசும் இதற்காகத்தான்.

சிமெண்ட் ஊரான அரியலூரில் கட்டுமானத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் போன மழையில் நம் இரவுக் காவலர் அறை ஒழுகி, அவர் படிக்கட்டடியில் படுத்தார். இந்த ஈஸ்டருக்குக் கிறிஸ்தவக் குடும்பங்கள் நாங்கள் விருந்தைச் சுருக்கிக்கொண்டு பணம் சேர்த்தோம். பிற வீட்டாரும் கேட்காமலே தந்தார்கள். சுவர் பூசியாகிவிட்டது, இங்கேயும் கூரை மட்டும் பாக்கி. ஆனால் நீங்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். ரசீதுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.